மஞ்சள் கறை

பி.ஃபார்ம் முதல் வருஷத்துப் பிள்ளைகள் யாரிடமாவது 'லிமிட் டெஸ்ட்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும்! குளோரைடுக்கு ஒன்று, சல்ஃபேட்டுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, ஈயத்துக்கு ஒன்று... கனிம வேதியியல் பாடத்தின் ஆரம்பத்திலேயே வரிசைகட்டி நிற்கும் இந்தச் சோதனைகளில் ரொம்பவும் பொறுமையைச் சோதிப்பது ஆர்சனிக்குக்கான சோதனை.

ஒரு பாட்டில். அதற்குள் சோதிக்கவேண்டிய பொருள், அமிலம், கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு, துத்தநாகத் துண்டுகள். பாட்டிலின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பஞ்சு. குழாயின் உச்சியில், மெர்குரிக் குளோரைடில் நனைத்துக் காயவைத்த சின்னக் காகிதம். பக்கத்திலேயே இதே மாதிரி இன்னொரு பாட்டில். 40 நிமிஷம் காத்திருக்கவேண்டும். பிறகு இரண்டு காகிதங்களையும் எடுத்து, எதில் மஞ்சள் கறை அழுத்தமாக விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதி சாரிடம் கையெழுத்து வாங்கினால், வேலை முடிந்தது.

'எதுக்கு சார் இந்த மஞ்சக் கறை?' என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், பதில் சொல்ல ஒரு பீரியட் போதாது. ஒரு தாத்தா, ஒரு கணவன், சனிக்கிழமைச் சந்தையில் மிட்டாய் வாங்கித் தின்ற குழந்தைகள், வேலை முடிந்து பீர் குடித்த தொழிலாளிகள் என்று ஏகப்பட்ட பேரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். அத்தனை பேரும் செத்துப்போனவர்கள்.

*

ஆர்சனிக் நமக்குப் புதுசில்லை. வெள்ளைப் பாஷாணம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது ஆர்சனிக் ட்ரை ஆக்ஸைடைத்தான். பார்க்க மாவு மாதிரி, சர்க்கரை மாதிரி, சுண்ணாம்பு மாதிரி இருக்கும். வாசனை கிடையாது. ருசி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. காபியில் போட்டால் காபி, கஞ்சியில் போட்டால் கஞ்சி. சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி. அந்தக் காலத்து டாக்டர் வந்து பார்த்தால், 'காலரா' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிரான்சில் இதற்கு 'வாரிசுப் பொடி' என்றே பட்டப்பெயர். சொத்துக்காரர் சாகமாட்டேன் என்று அடம்பிடித்தால், ஒரு சிட்டிகை போதும்!

1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிளம்ஸ்டெட் என்ற ஊரில் அப்படித்தான் செத்துப்போனார், ஜார்ஜ் பாடில் என்ற வசதியான விவசாயி. வயது சுமார் 80. காலையில் காபி குடித்தார். வாந்தி எடுத்தார். சில நாளில் கதை முடிந்தது. பேரன் ஜான் பாடில் மீது சந்தேகம். பக்கத்து ஊரான வூலிச்சில், அரசு ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணரிடம் காபியை அனுப்பினார்கள்.

அன்றைக்கு இருந்த வழி, சந்தேகத்துக்குரிய திரவத்துக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் செலுத்துவது. ஆர்சனிக் இருந்தால் மஞ்சளாக ஒரு படிவு இறங்கும். அது ஆர்சனிக் சல்ஃபைடு. கூத்துக்காரர்கள் முகத்தில் பூசுகிற அரிதாரம் என்ற பெயரே இந்த மஞ்சள் பொருளிலிருந்து வந்ததுதான். மார்ஷுக்கு அந்த மஞ்சள் கிடைத்தது. ஆனால், விசாரணை நடந்த மெய்ட்ஸ்டோன் நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டு போவதற்குள் கெட்டுப்போய்விட்டது. ஜூரிகளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேரன் விடுதலை!

வேறொரு குற்றத்தில் மாட்டிக்கொண்ட பிறகு, 'தாத்தாவைக் கொன்றது நான்தான்' என்று அந்தப் பேரனே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

மார்ஷுக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. ஜூரிகள் கண்ணால் பார்க்கிற மாதிரி, கெடாமல் நிற்கிற மாதிரி ஒரு சாட்சி வேண்டும் என்று இறங்கினார். 1836-ல் அதை வெளியிட்டார். துத்தநாகத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் கிளம்பும். அதில் சந்தேகப் பொருளைப் போடுங்கள். அதில் ஆர்சனிக் இருந்தால், ஹைட்ரஜனோடு சேர்ந்து 'ஆர்சின்' என்ற வாயுவாக வெளியே வரும். அந்த வாயுவைக் கொளுத்தி, ஜ்வாலைக்கு மேலே ஒரு குளிர்ந்த பீங்கான் துண்டைக் காட்டுங்கள். பளபளவென்று கண்ணாடி போலக் கறுப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆர்சனிக் இருந்தால்கூடப் போதும், காட்டிக்கொடுத்துவிடும்!

*

நாலே வருஷத்தில் இந்தச் சோதனைக்கு ஐரோப்பா முழுவதும் பேர் கிடைத்தது. காரணம், மேரி லஃபார்ஜ் என்ற 24 வயதுப் பெண்.

பாரிஸில் வளர்ந்த மேரி, 1839-ல் சார்லஸ் லஃபார்ஜ் என்ற இரும்புப் பட்டறைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிரான்சின் உள்நாட்டில் ஒரு பழைய மடாலயத்துக்குக் குடிபோனாள். பெரிய மாளிகை என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஈரச் சுவர், எலிக் கூட்டம். எலியைக் கொல்ல என்று ஆர்சனிக் வாங்கினாள். 1840 ஜனவரியில் கணவன் செத்துப்போனான்.

அதே செப்டம்பரில் துல் என்ற ஊரில் விசாரணை. உள்ளூர் ரசாயனக்காரர்கள் முதலில் பழைய முறையில் பார்த்துவிட்டு 'இருக்கிறது' என்றார்கள். பிறகு மார்ஷ் முறையில் பார்த்துவிட்டு 'இல்லை' என்றார்கள். மொத்த நீதிமன்றமும் குழம்பிப்போனது. கடைசியில் பாரிஸிலிருந்து வரவழைக்கப்பட்டார், விஷ இயலில் அன்றைக்குப் பெரிய ஆளான மத்தேயு ஓர்ஃபிலா. ராத்திரி முழுக்கச் சோதித்துவிட்டு, சடலத்தில் ஆர்சனிக் இருக்கிறது என்றார். மேரிக்கு ஆயுள் தண்டனை.

இங்கேதான் நம் கதைக்கு வேண்டிய சங்கதி வருகிறது. ஓர்ஃபிலா 'இருக்கிறது' என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. 'இந்த ஆர்சனிக் நான் பயன்படுத்திய ரசாயனங்களிலிருந்து வந்ததில்லை. சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் வந்ததில்லை' என்று தனியாக விளக்கம் சொன்னார். ஏன் அப்படிச் சொல்லவேண்டியிருந்தது? துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலும் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மார்ஷின் கருவியோ துளியூண்டு இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடும். அப்படியானால் பீங்கானில் படிந்த கறுப்பு, செத்தவர் வயிற்றிலிருந்து வந்ததா, சோதித்தவர் பாட்டிலிலிருந்து வந்ததா?

மேரியின் தரப்பு, ரஸ்பாய் என்ற இன்னொரு நிபுணரைத் துணைக்கு அழைத்தது. அவர் வந்து சேர்வதற்குள் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ஓர்ஃபிலா பயன்படுத்திய துத்தநாகமே சுத்தமில்லை என்று பிற்பாடு கடுமையாக வாதாடினார். 'நீதிபதி உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்துகூட ஆர்சனிக் எடுத்துக் காட்டுகிறேன்' என்று அவர் சவால் விட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அவர் கேட்ட கேள்வி நியாயமானது. 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எங்கிருந்து வந்தது? எவ்வளவு இருக்கிறது?' என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விகளின் முழு அர்த்தம் புரிய இன்னும் 60 வருஷம் ஆயிற்று.

*

நடுவில் ஒரு சனிக்கிழமை.

1858 அக்டோபர் 30. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம். சர்க்கரை விலை அதிகம் என்பதால், மிட்டாய் செய்கிறவர்கள் அதில் ஜிப்சம் பொடியைக் கலப்பது அன்றைய வழக்கம். கால்சியம் சல்ஃபேட்தான். உடம்புக்கு நல்லதில்லை என்றாலும் ஆளைக் கொல்லாது. ஜோசப் நீல் என்ற மிட்டாய்க்காரர் அதை வாங்கிவர, பக்கத்து ஊர் மருந்துக்கடைக்கு ஓர் ஆளை அனுப்பினார். கடைக்காரர் சார்லஸ் ஹாட்சனுக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை, படுத்திருந்தார். கடைப் பையன், 'பொடி எங்கே இருக்கிறது?' என்று கேட்க, 'பரணில், மூலையில் இருக்கிற பீப்பாயில்' என்று சொல்லியனுப்பினார். பையன் போனான். மூலையில் பீப்பாய். உள்ளே வெள்ளைப் பொடி. 12 பவுண்டு, அதாவது அஞ்சரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

அது ஆர்சனிக்.

பெப்பர்மின்ட் மிட்டாய் தயாரானது. செய்த ஆளுக்கே வாந்தி வந்தது. நிறமும் என்னவோ போல இருந்தது. அதனால் சந்தை வியாபாரி பேரம் பேசி, விலையைக் குறைத்து வாங்கிப்போனார்! அன்று சாயங்காலமே விற்றார். முதலில் செத்த குழந்தைகளுக்குக் காலரா என்றுதான் நினைத்தார்கள். மொத்தம் சுமார் 20 பேர் செத்தார்கள். 200 பேர் படுத்த படுக்கையானார்கள்.

இத்தனைக்கும், சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் கரியோ நீலமோ கலந்து நிறத்தை மாற்றித்தான் விற்கவேண்டும் என்று 1851-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால், பரணில் கிடந்த பீப்பாய்க்கு யார் நிறம் பூசுவது? கடைக்காரர், பையன், மிட்டாய்க்காரர் மூவர் மீதும் வழக்கு போட்டார்கள். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. யாரும் கொல்லவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லையே! பத்து வருஷம் கழித்து, 1868-ல் வந்த பிரிட்டிஷ் ஃபார்மஸி சட்டம், விஷங்களைப் பதிவுபெற்ற மருந்தாளர்கள்தான் விற்கலாம். பொருளின் பெயரும் 'விஷம்' என்ற வார்த்தையும் விற்றவர் பெயரும் ஒட்டியிருக்கவேண்டும் என்றது. இன்றைக்கு மருந்துக்கடை பாட்டில்களில் பார்க்கிற லேபிளுக்குப் பின்னால் அந்தப் பரண் இருக்கிறது.

*

லேபிள் ஒட்டியாயிற்று. பிரச்னை தீர்ந்ததா? 1900 வந்தது.

மான்செஸ்டர் நகரம். அந்த வருஷம் ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரி நோயாளிகள் குவிந்தார்கள். கை கால் மரத்துப்போகும். பாதம் எரியும். நடக்க முடியாது. தோல் கறுக்கும். 'என்னப்பா, குடிப்பியா?' 'பீர் குடிப்பேன் டாக்டர்.' அவ்வளவுதான், 'குடியால் வந்த நரம்பு வியாதி' என்று சீட்டு எழுதியாகிவிடும். ஏழைத் தொழிலாளி, அதிலும் குடிக்கிற ஆள். அவன் பேச்சை யார் மேற்கொண்டு விசாரிப்பது?

ஒருவர் விசாரித்தார். ஏழைகளுக்கான மான்செஸ்டர் பணியில்லத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எர்னஸ்ட் ரெனால்ட்ஸ். அவருக்கு இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, குடிதான் காரணம் என்றால் விஸ்கி குடிக்கிறவன் அல்லவா முதலில் விழவேண்டும்? பீர் குடிக்கிறவன் மட்டும் ஏன் விழுகிறான்? இரண்டு, வந்தவர்களில் நிறையப் பேருக்கு அக்கி இருந்தது. அக்கியை வரவழைக்கும் மருந்து ஒன்று உண்டு என்பது அந்தக் கால டாக்டர்களுக்குத் தெரியும். அது ஆர்சனிக்!

ஆமாம், மருந்துதான். 1786-ல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய டாக்டர் பொட்டாசியம் ஆர்சனைட்டை நீரில் கரைத்து வெளியிட்ட 'ஃபௌலர் கரைசல்', நூறு வருஷத்துக்கும் மேலாகக் காய்ச்சலுக்கும் தோல் வியாதிக்கும் சொட்டுக் கணக்கில் கொடுக்கப்பட்டது. அதை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு அக்கி வரும். பீர் மட்டும் குடித்தவர்களுக்கும் அதே அக்கி ஏன் வருகிறது?

ரெனால்ட்ஸ் பீரை வாங்கிவரச் செய்து சோதித்தார். இருந்தது ஆர்சனிக்.

பீருக்குள் அது எப்படிப் போயிற்று? பின்னோக்கிப் போனார்கள். பீர் காய்ச்ச மால்ட்டோடு மலிவான சர்க்கரையும் சேர்ப்பார்கள். பல ஆலைகளுக்கும் அந்தச் சர்க்கரையை விற்றது ஒரே கம்பெனி, லிவர்பூல் பக்கத்து பாஸ்டாக் கம்பெனி. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கக் கந்தக அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைக் கொடுத்தது லீட்ஸ் நகரத்து நிக்கல்சன் கம்பெனி. நிக்கல்சன் அமிலம் தயாரித்தது இரும்புப் பைரைட்ஸ் தாதுவிலிருந்து. அந்தத் தாதுவிலேயே ஆர்சனிக் உண்டு. தாதுவிலிருந்து அமிலத்துக்கு, அமிலத்திலிருந்து சர்க்கரைக்கு, சர்க்கரையிலிருந்து பீருக்கு, பீரிலிருந்து மனுஷனுக்கு!

அறுபது வருஷம் முன்னால் மேரி லஃபார்ஜ் வழக்கில் எழுந்த அதே சந்தேகம். 'உன் அமிலம் சுத்தமா?' அன்றைக்கு அது ஒரு பெண்ணின் தண்டனையைப் பற்றிய கேள்வி. இப்போது ஓர் ஊரையே சாய்த்துவிட்டது. சுமார் 6,000 பேர் நோயாளிகள் ஆனார்கள். குறைந்தது 70 பேர் செத்தார்கள்.

நிக்கல்சன் கம்பெனி முன்பெல்லாம் ஆர்சனிக் நீக்கிய அமிலத்தைத்தான் கொடுத்துவந்தது. 1900-ல் சுத்திகரிக்காத அமிலத்துக்கு மாறியது. வாங்கியவர்கள், 'இதில் ஆர்சனிக் இருக்கிறதா?' என்று கேட்கவில்லை. விற்றவர்கள், 'எதுக்கு வாங்குறீங்க?' என்று கேட்கவில்லை. 'உணவுக்கு என்று சொல்லியிருந்தால் சுத்தமானதையே கொடுத்திருப்போமே' என்பது விற்றவர்கள் வாதம். பிராட்ஃபோர்டு பரணில் நடந்ததாவது ஒரு பையனின் ஒரு நாள் கவனக்குறைவு. இதுவோ, பெரிய பெரிய கம்பெனிகள், கணக்கு வழக்கு, ரசீதோடு, மாதக்கணக்கில் செய்த காரியம்.

*

அரசாங்கம் 1901-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டது. தலைவர், பௌதிகப் புத்தகத்தில் வெப்பநிலை அளவாக நாம் படிக்கிற அதே கெல்வின் பிரபு. 1903-ல் வந்த இறுதி அறிக்கை, ஒரு வரம்பைச் சொன்னது. ஒரு காலன் திரவத்தில் ஒரு கிரெயினில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆர்சனிக் இருக்கக்கூடாது. திடமான உணவாக இருந்தால், ஒரு பவுண்டுக்கு அதே அளவு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஆக, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையில் முக்கால் மில்லிகிராம்கூடக் கூடாது என்று ஆயிற்று.

'துளிகூட இருக்கக்கூடாது' என்று ஏன் சொல்லவில்லை? முடியாது என்பதால்தான். ஆர்சனிக் மண்ணில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது. அறவே இல்லாத பொருளை யாராலும் தயாரிக்க முடியாது. ஆகவே 'இவ்வளவுக்கு மேல் போகாதே' என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குத்தான் 'லிமிட்' என்று பெயர். 1914-ல் வந்த பிரிட்டிஷ் ஃபார்மகோபியா, மருந்துப் பொருட்களுக்கும் ஆர்சனிக், ஈய வரம்புகளைக் கொண்டுவந்தது. நம் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு 1955-ல் முதல் இந்தியன் ஃபார்மகோபியா வந்தது. லிமிட் டெஸ்ட்டுகள் நம் கல்லூரி லேப்களுக்கும் வந்து சேர்ந்தன.

இப்போது அந்த பாட்டிலை மறுபடி பாருங்கள். துத்தநாகமும் அமிலமும் மார்ஷ் கொடுத்தவை. கிளம்புகிற வாயு, அதே ஆர்சின். பீங்கானுக்குப் பதிலாக ரசாயனம் தோய்த்த காகிதம் என்ற யோசனை, 1879-ல் மாக்ஸ் குட்ஸைட் என்ற ஜெர்மானியர் கொடுத்தது. குழாய்க்குள் இருக்கிற பஞ்சில் லெட் அசிடேட் தடவியிருக்கும். கந்தக வாயு ஏதாவது குறுக்கே வந்து காகிதத்தில் பொய்க் கறை போட்டுவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் இருக்கிற இரண்டாவது பாட்டில்? அதில் அளந்து போட்ட ஆர்சனிக் இருக்கும். அந்தக் கறைதான் கோடு. உங்கள் பொருளின் கறை அதைவிட அழுத்தமாக இருந்தால், மூட்டையைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு எடுக்கிற துத்தநாகம், அமிலம், அயோடைடு பாட்டில்களின் லேபிளில் 'ஏஎஸ்டி' என்று மூன்று எழுத்து இருக்கும். ஆர்சனிக் சோதனை செய்து தேர்ந்தது என்று அர்த்தம். சோதிக்கிற பொருளையே முதலில் சோதி! ரஸ்பாய் போட்ட சண்டை, அந்த மூன்று எழுத்தில் இன்னமும் உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஆர்சனிக் விஷம், சோதிக்கிறோம். குளோரைடை எதற்குச் சோதிக்கவேண்டும்? அது நாம் தினமும் தின்கிற உப்பில் இருப்பதுதானே? நல்ல கேள்வி. அங்கே குளோரைடு ஒரு சாட்சி. மருந்துப் பொருளைத் தயாரித்துவிட்டுச் சரியாகக் கழுவினார்களா என்பதை அது சொல்லிவிடும். கழுவுவதில் சோம்பல் பட்டவர்கள் வேறு எதில் சோம்பல் பட்டிருப்பார்களோ!

*

இன்றைய பெரிய மருந்துக் கம்பெனிகளில் இந்த மஞ்சள் கறைக்கு அவ்வளவாக வேலையில்லை. கருவிகள் வந்துவிட்டன. வாய்வழி மருந்து மூலம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் போகக்கூடாது என்கிறது சர்வதேச வழிகாட்டி. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் 15 கூறு! அதே ஆர்சனிக் ட்ரை ஆக்ஸைடு, ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரிசுப் பொடி, டாக்டர் அளந்து ஏற்றும்போது உயிரைக் காப்பாற்றுகிறது.

பின்னே எதற்குப் பிள்ளைகளை இன்னமும் 40 நிமிஷம் நிற்கவைக்கவேண்டும்?

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது, அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48 சதவிகிதத்துக்கும் மேல் இருந்தது. அது ஆர்சனிக் இல்லை, கனிமப் பொருளும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனையும் வேறு. ஆனால், கேட்டிருக்கவேண்டிய கேள்வி 1900-ல் மான்செஸ்டரில் கேட்காமல் விட்ட அதே கேள்வி. 'இந்த டிரம்மில் வந்திருப்பது என்ன? எவ்வளவு சுத்தம்?'

இந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பதில் சரியில்லை என்றால் முதலாளியே சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். முதல் வருஷத்தில், ஒரு பாட்டில், கொஞ்சம் துத்தநாகம், ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த ஆளைத்தான் தயார் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஃபார்மஸி படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை லேபில் காகிதம் மஞ்சளாகும்போது, கொஞ்சம் நின்று பார்க்கட்டும்.